வாக்குச்சீட்டைப் பறித்த சட்டமும் தந்தை செல்வாவும்

ஒரு மனிதன் எந்த நாட்டின் பிரஜை என்பதைத் தீர்மானிப்பது அவன் பிறந்த மண்ணா, அல்லது அவனுடைய தந்தை பிறந்த மண்ணா? புலம்பெயர்ந்து வாழும் நாம் இந்தக் கேள்வியை நன்கு அறிவோம். அந்நிய நாடுகளின் அலுவலகங்களில், படிவங்களை நிரப்பும் வேளைகளில், எமது பிள்ளைகளின் பெயருக்கு எதிரே எந்த நாட்டை எழுதுவது என்று தயங்கி நிற்கும் கணங்களில், இக்கேள்வி எம்மை எதிர்கொள்கிறது. எனினும் எமது தாயகத்தில் இதே கேள்வி 1948 ஆம் ஆண்டிலேயே எழுந்தது என்பதையும், அதற்கு அன்றைய அரசு அளித்த விடை பல இலட்சம் மக்களின் வாக்குச்சீட்டைப் பறித்தது என்பதையும், அந்த விடையை ஏற்க மறுத்த ஒரு மனிதரின் வாழ்வே அதனால் திசைமாறிற்று என்பதையும் எம்மில் இளையோர் பலர் அறியார்.

அம்மனிதர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். தமிழ் மக்களால் தந்தை செல்வா என்று அழைக்கப்பட்டவர். அவரைப் பற்றிப் பேசுவோர் மொழியுரிமைப் போராட்டத்தையும், கிழித்தெறியப்பட்ட உடன்படிக்கைகளையும், இறுதியில் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தையும் நினைவுகூருவர். ஆனால் அவரது தனி அரசியற் பாதை தொடங்கியது மொழியிலிருந்து அன்று, வாக்குரிமையிலிருந்தே என்பதைச் சற்று விரிவாக இங்கு நோக்குவோம்.

ஈப்போவில் பிறந்தவர்

செல்வநாயகம் 1898 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் வேலை தேடி மலாயா நாட்டுக்குச் சென்றனர். அவருடைய தந்தை வேலுப்பிள்ளையும் அவ்வாறு கடல் கடந்தவர்களுள் ஒருவர். குழந்தைக்கு நான்கு வயதாகையில் தாயார் அன்னம்மா பிள்ளைகளுடன் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, கொழும்பு சென் தோமஸ் கல்லூரி ஆகியவற்றிற் கற்ற அவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டதாரியானார். சில காலம் ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர் சட்டம் பயின்று அப்புக்காத்து ஆனார். குடியியல் வழக்குகளில் அவர் பெற்ற தேர்ச்சி இராணி அப்புக்காத்து என்ற தகுதியை அவருக்கு ஈட்டித் தந்தது.

மேடையை அதிரவைக்கும் சொல்வன்மை அவரிடம் இருக்கவில்லை. குரல் மெலிந்தது, பிற்காலத்திற் செவிப்புலனும் குன்றிற்று, பாக்கின்சன் நோய் உடலை வாட்டியது. அவர் கிறிஸ்தவர், அவரைத் தேர்ந்தெடுத்த காங்கேசன்துறைத் தொகுதி மக்களில் மிகப் பெரும்பாலானோர் சைவர். இவை எவையும் அவருக்கும் மக்களுக்கும் இடையே தடையாக நிற்கவில்லை. ஒரு சட்டவாசகத்தை அதன் சொற்களுக்கு அப்பாற் சென்று, அது யாரைத் தொடும், யாரை விட்டுவிடும் என்று பார்க்கும் பயிற்சி அவரிடம் இருந்தது. அந்தப் பயிற்சியே 1948 இல் அவருக்குத் துணைவந்தது.

வாக்குரிமை வந்த வழி

இலங்கையில் வளர்ந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை 1931 ஆம் ஆண்டில், டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களிக்கலாம் என்ற நிலை, பிரித்தானியாவிற் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்று மூன்றே ஆண்டுகளில் இலங்கைக்குக் கிட்டியது. படிப்பும் சொத்தும் அற்றவர் கையில் வாக்கு செல்வதை அன்றைய பெரியோர் பலர் விரும்பவில்லை. தமிழ்த் தலைவர்களிடத்தும் சிங்களத் தலைவர்களிடத்தும் அந்தத் தயக்கம் இருந்தது.

மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பொறுத்தவரையில் அந்த வாக்குரிமையும் முழுமையாக வரவில்லை. நிரந்தரமாக இந்நாட்டிற் குடியிருக்கும் எண்ணம் உடையவர் என்பதையோ, எழுத்தறிவும் வருமானமும் உண்டு என்பதையோ அவர்கள் காட்டவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் இடாப்பிற் பதிவாகினர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் பாராளுமன்றம் சென்றனர். தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கும் வலுவூட்டின.

1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழராகக் கணிக்கப்பட்டோர் சுமார் 7,80,000 பேர். மொத்த மக்களில் ஏறத்தாழ 11.7 வீதம். வடக்குக் கிழக்குத் தமிழரைவிட அவர்கள் எண்ணிக்கையிற் சற்றுக் கூடியிருந்தனர். டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இந்த வாக்குகள் தலையிடியாயின. கண்டிப் பகுதிச் சிங்களத் தலைவர்களோ தமது தொகுதிகள் அந்நியர் கைக்குப் போகின்றன என்று முறையிட்டனர். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே இதற்கான பரிகாரம் சட்ட வடிவில் வந்தது.

தந்தை பிறந்த மண்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை வாசிப்பவருக்கு அதில் எந்த இனத்தின் பெயரும் தென்படாது. தமிழர் என்றோ இந்தியர் என்றோ ஒரு சொல் அங்கு இல்லை. வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்று இரு வகையினரை அது வகுத்தது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆகவேண்டுமானால், அவருடைய தந்தையும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும். தாய்வழிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இலங்கைக்கு வெளியே பிறந்தவராயின், தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருந்தாற் போதும். பொதுச்சேவையிற் சிறப்புற்றோரை அமைச்சர் தம் விருப்பின்படி பிரஜையாகப் பதியலாம். ஆனால் ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேற்படாமல்.

இந்த வாசகங்களின் கூர்மையை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஈப்போவிற் பிறந்த செல்வநாயகம் இச்சட்டத்தின் கீழ் எவ்வித ஐயமுமின்றி இலங்கைப் பிரஜை. ஏனெனில் அவருடைய தந்தையும் பாட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள். ஆனால் ஹற்றனில் ஒரு லயன் அறையிற் பிறந்து, அங்கேயே வளர்ந்து, தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறு உலகம் அறியாத ஒருவர், தம் தந்தை திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர் என்பதனால், பிரஜை அல்லர். தந்தையும் இங்கேயே பிறந்தவர்தான் என்று ஒருவர் சொல்வாராயின், அதனை நிரூபிக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரம் அவரிடம் இருக்கவேண்டும். தோட்டங்களில் முன்னைய தலைமுறையினருக்குப் பத்திரம் எங்கே கிடைத்தது? சிங்களக் கிராமவாசி ஒருவரிடமும் பாட்டனின் பத்திரம் இருந்திராது. ஆயினும் அவரிடம் அதனை எவரும் கேட்கப்போவதில்லை. எழுத்தில் எல்லோருக்கும் பொதுவான சட்டம் நடைமுறையில் ஒரு சாராரிடம் மாத்திரமே சாட்சி கேட்டது.

1948 ஓகஸ்டில் இச்சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது இந்தியக் காங்கிரசும் இடதுசாரிக் கட்சிகளும் தமிழ்க் காங்கிரசும் அதனை எதிர்த்தன. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அவ்வேளையில் எதிர்த்தே வாக்களித்தார் என்பதை வரலாற்று நேர்மையுடன் குறிப்பிடவேண்டும். சட்டமூலம் அரசின் பெரும்பான்மையால் நிறைவேறி, 1948 நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

பிரிந்த பாதை

இடைப்பட்ட செப்டெம்பர் மாதத்திற் பொன்னம்பலம் அரசாங்கத்திற் சேர்ந்து கைத்தொழில், மீன்பிடித்துறை அமைச்சரானார். உள்ளிருந்தே தமிழருக்கு நன்மை செய்யலாம் என்பது அவரது கணக்கு. காங்கேசன்துறை உறுப்பினர் செல்வநாயகம், கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், செனட்டர் டாக்டர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் இதனை ஏற்கவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தை நாடற்றவராக்கிய அரசுடன் அடுத்த மாதமே கைகோத்து நிற்பது எவ்வாறு என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. அவர்கள் எதிர்க்கட்சி வரிசையிலேயே இருந்துவிட்டனர்.

டிசம்பரில் இரண்டாவது சட்டமூலம் வந்தது. அதுவே 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் ஆயிற்று. முதற் சட்டத்தினால் வெளியே தள்ளப்பட்டோர் விண்ணப்பித்து உள்ளே வருவதற்கான வாயில் என்று இது விளம்பரமாயிற்று. பொன்னம்பலம் இம்முறை அரசாங்கத் தரப்பில் நின்று ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்தார். உலக நாடுகள் பாரிஸ் நகரிற் கூடி மனித உரிமைகளின் உலகப் பிரகடனத்தை ஏற்று, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தேசிய உரித்து உண்டு என்று அறிவித்ததும் இதே 1948 டிசம்பரில்தான்.

அந்த வாயிலின் அகலம் எவ்வளவு? 1946 ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்திருக்கவேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். போதிய வருமானம் காட்டவேண்டும். மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும். இவ்வளவையும் இரண்டு ஆண்டுகளுக்குள், 1951 ஓகஸ்டுக்கு முன்னர், எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பெயரெழுதவும் கற்பிக்கப்படாத மக்களிடம் கேட்கப்பட்டவை இவை. வதிவுக்காலம், வருமானச் சான்று, இடையறாத் தங்கல் என்ற சொற்கள் இன்று எம்மில் எத்தனை பேரின் உறக்கத்தைக் கெடுத்திருக்கின்றன! நாமோ வந்தேறிய நாடுகளில் அவற்றுக்கு முகங்கொடுக்கின்றோம். மலையகத் தொழிலாளர் பிறந்த மண்ணிலேயே முகங்கொடுத்தனர்.

இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் விண்ணப்பிக்க மறுத்து, பின்னர் மனம் மாறிற்று. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. நீண்ட விசாரணைகளின் பின்னர், 1960களின் தொடக்கம் வரையிற் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மாத்திரமே.

மூன்றாவது அடி 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமாக விழுந்தது. இலங்கைப் பிரஜைகளின் பெயர் மாத்திரமே வாக்காளர் இடாப்பில் இருக்கலாம் என்று அது விதித்தது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதே முழு உருவம் தெரியும். முதற் சட்டம் பிரஜை யார் என வரையறுத்தது. இரண்டாவது வெளியேற்றப்பட்டோர் திரும்பும் வழியை ஒடுக்கிற்று. மூன்றாவது வாக்குரிமையைப் பிரஜாவுரிமையோடு முடிச்சுப்போட்டது. 1947 இல் வாக்களித்தவர், தம் இடத்தை விட்டு அசையாமலே, 1952 இல் வாக்கற்றவர் ஆனார்.

ஓர் இனத்துக்கு நேர்ந்தது நாளை இன்னோர் இனத்துக்கும் நேரும் என்பதே செல்வநாயகம் விடுத்த எச்சரிக்கையின் சாரம். மலையகத் தமிழரின் வாக்குகள் நீங்கினால் பாராளுமன்றத்திற் சிங்களப் பிரதிநிதித்துவம் பருக்கும். அதன்பின் வடக்குக் கிழக்குத் தமிழரின் மொழிக்கும் நிலத்துக்கும் காப்பு எங்கே என்று அவர் கணித்தார். 1949 டிசம்பர் 18 ஆம் திகதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது. சமஷ்டி ஆட்சி அதன் குறிக்கோள். ஆனால் அதனைப் பிறப்பித்த உடனடிக் காரணம் மலையக மக்களின் வாக்குச்சீட்டு.

நீதிமன்றம் சொன்ன விடை

சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவில், ஒரு சமூகத்தவருக்கு மாத்திரம் இடர் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்ற காப்பு இருந்தது. கேகாலையில் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரின் முறைப்பாட்டை விசாரித்த திருத்தல் அதிகாரி, புதிய சட்டங்கள் அந்தக் காப்புக்கு மாறானவை என்று கண்டு, அவர் பெயரைச் சேர்க்குமாறு பணித்தார். கொழும்பு உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்ற மேன்முறையீடு 1953 இற் தள்ளுபடியானது. தன் பிரஜைகள் யார் எனத் தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம். 1949 ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க வழி வைத்திருப்பதால் இது ஒரு சமூகத்தை ஒதுக்கியதாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

காப்புப் பிரிவை நம்பியிருந்தோருக்கு இது பெரும் அதிர்ச்சி. சட்டத்தின் எழுத்தில் இனப்பெயர் இல்லையெனில், அதன் விளைவு எவ்வளவு கொடிதாயினும் நீதிமன்றம் தலையிடாது என்பது தெளிவாயிற்று. எழுதப்பட்ட காப்புகளால் மாத்திரம் சிறுபான்மையினர் பிழைக்க முடியாது, அதிகாரத்திற் பங்கே வேண்டும் என்ற தமிழரசுக் கட்சியின் வாதத்துக்கு அத்தீர்ப்பு ஓர் ஆதாரமாயிற்று.

தோல்வி தந்த தேர்தல்

1952 மே மாதத் தேர்தல் வந்தது. மலையகத்தின் பிரதிநிதிகள் ஒருவரும் பாராளுமன்றம் திரும்பவில்லை. இடாப்பிலிருந்து நீக்கப்பட்டமையை எதிர்த்து இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தும் பலன் கிட்டவில்லை. விந்தை என்னவெனில், தொகுதிகளைப் பிரிக்கும்போது பிரஜையல்லாதோரின் தலைகளும் கணக்கில் எடுக்கப்பட்டிருந்தன. மக்கள் தொகைக்கு ஏற்ப ஆசனங்கள். ஆனால் வாக்கு மிஞ்சியோருக்கு மாத்திரம். வாக்கற்ற தொழிலாளரின் எண்ணிக்கை மலைநாட்டுச் சிங்களத் தொகுதிகளின் கனத்தைக் கூட்டிற்று. கொழும்பில் அவர்கள் தொகையாக எண்ணப்பட்டனர், மனிதராக எண்ணப்படவில்லை.

இதே தேர்தலிற் செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். தமிழரசுக் கட்சிக்குக் கோப்பாயும் திருகோணமலையும் மாத்திரமே கிடைத்தன. இதனை நாம் மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. மலையக மக்களுக்காகக் குரல்கொடுத்த தலைவரை யாழ்ப்பாணத்து வாக்காளர் வீட்டுக்கு அனுப்பினர். தோட்டத் தொழிலாளரின் இடர் யாழ்ப்பாணத்துப் பலருக்குத் தம் இடராகத் தோன்றவில்லை. சாதிப்பெருமையும் ஊர்ப்பெருமையும் அந்தத் தூரத்தை மேலும் நீட்டின. வாக்கைப் பெற்றுத்தராத ஒரு விடயத்துக்காக வாக்கை இழந்த அரசியல்வாதிகள் எமது வரலாற்றில் அதிகம் பேரில்லை.

ஆனால் நான்கே ஆண்டுகளில் அவர் கணித்தது நடந்தது. 1956 இற் சிங்களம் மாத்திரம் சட்டம் வந்தது. யூன் 5 ஆம் திகதி காலிமுகத் திடலில் அமைதியாக அமர்ந்த சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். அவ்வாண்டுத் தேர்தலிற் காங்கேசன்துறை மக்கள் செல்வநாயகத்தை மீண்டும் அனுப்பியிருந்தனர். கட்சி பத்து ஆசனங்களை வென்றிருந்தது. ஓகஸ்டில் திருகோணமலை மாநாடு வகுத்த நான்கு கோரிக்கைகளுள் சமஷ்டி, தமிழுக்குச் சம அந்தஸ்து, தமிழர் பிரதேசங்களிற் குடியேற்றத் தடை என்பவற்றோடு மலையக மக்களின் பிரஜாவுரிமையும் ஒன்றாக இடம்பெற்றது.

உடன்படிக்கைகளும் மலையகமும்

1957 யூலை 26 ஆம் திகதி பண்டாரநாயக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்திற் பிரதேச சபைகளும் தமிழ்மொழி உபயோகமும் முதன்மை பெற்றன. பிரஜாவுரிமை பற்றி விரைவிற் கவனிக்கப்படும் என்ற உறுதிமொழி மாத்திரம் சேர்க்கப்பட்டது. அந்த உறுதிமொழியும் 1958 ஏப்ரலில் ஒப்பந்தத்தோடு சேர்ந்து கைவிடப்பட்டது. அடுத்த மாதங்களில் இனக்கலவரமும், தலைவர்களுக்கு வீட்டுக்காவலும் வந்தன. 1961 இற் கச்சேரிகளின் முன் நடந்த சத்தியாக்கிரகம் பனாகொடைத் தடுப்பு முகாமில் முடிந்தது. 1965 இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த உடன்படிக்கையும் நிறைவேறவில்லை. இவை யாவரும் அறிந்தவை.

அதிகம் பேசப்படாதது 1964 ஒக்ரோபர் 30 ஆம் திகதி சிறீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகவும், மிகுதி 1,50,000 பேரின் விடயத்தைப் பின்னர் பேசுவதாகவும் இரு அரசுகளும் உடன்பட்டன. 1974 இல் அந்த மிகுதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. தம்மைப் பங்கிட்ட இந்த உடன்பாடுகளில் ஒப்பமிட அந்த மக்களிடம் ஒரு பிரதிநிதி இருக்கவில்லை. இருப்பதற்கு வாக்கும் இருக்கவில்லை. இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியோரிற் பெரும்பாலானோர் இந்திய மண்ணை முன்னர் கண்டறியாதவர்.

இக்காலத்தில் தமிழரசுக் கட்சி மலையகத்துக்கு என்ன செய்தது என்ற கேள்வி நியாயமானது. மாநாட்டுத் தீர்மானங்களிற் பிரஜாவுரிமைக் கோரிக்கை தொடர்ந்து இருந்தது. தோட்டங்களில் தொழிற்சங்கமொன்றும் அமைக்கப்பட்டது. ஆயினும் மொழிப் பிரச்சினையின் வெப்பத்தில், கட்சியைப் பிறப்பித்த விடயம் கட்சியின் நடுமேடையை விட்டு விலகிற்று என்பதை மறுக்க இயலாது. மலையக மக்கள் தம் வழியைத் தம் தொழிற்சங்கங்களின் பலத்திலேயே தேடிக்கொண்டனர்.

பதவி துறந்து பெற்ற தீர்ப்பு

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி புதிய அரசியலமைப்பை எழுத முனைந்தது. தமிழ்மொழி தொடர்பான திருத்தங்கள் நிராகரிக்கப்பட்டதும் 1971 இற் தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22 ஆம் திகதி நிறைவேறிய குடியரசு அரசியலமைப்பிற் சோல்பரியின் 29 ஆம் பிரிவு இல்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஏற்கனவே நிறுத்தப்பட்டிருந்தது. 1970 இல் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை, இந்த அரசியலமைப்பின் மூலம் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. வாக்காளரைக் கேளாமல் வாக்கின் காலத்தை நீட்டிய இச்செயல் நாட்டின் எல்லா இனத்தவரையும் பாதித்தது.

இவ்வரசியலமைப்புக்குத் தமிழ் மக்களின் சம்மதம் இல்லை என்பதைக் காட்டச் செல்வநாயகம் தேர்ந்த வழி எளிமையானது. 1972 ஒக்ரோபரிற் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மீண்டும் போட்டியிட்டு மக்களின் தீர்ப்பைக் கேட்பதாக அறிவித்தார். அரசு வழக்கமாகச் சில மாதங்களில் நடக்கும் இடைத்தேர்தலை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தாமதித்தது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்த நாட்டில் ஒரு தொகுதி மக்கள் அவ்வளவு காலமும் உறுப்பினரின்றி இருந்தனர். 1975 பெப்ரவரி 6 ஆம் திகதி இறுதியில் வாக்கெடுப்பு நடந்தபோது செல்வநாயகம் 25,927 வாக்குகளையும், எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளையும் பெற்றனர். 1952 இல் அவரை நிராகரித்த அதே தொகுதி அவருக்கு அளித்த தீர்ப்பு அது.

1972 இல் அமைந்த தமிழர் கூட்டணியிற் செல்வநாயகமும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் தொண்டமானும் ஒரே மேடைக்கு வந்தனர். 1948 இற் பிரிந்த வழிகள் மீண்டும் சந்தித்தன. 1976 மே 14 ஆம் திகதி வட்டுக்கோட்டையிற் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியபோது, மலையக மக்களின் நிலைமை வேறு எனக் கருதிய தொண்டமானின் அமைப்பு அத்தீர்மானத்துடன் தன்னைப் பிணைத்துக்கொள்ளவில்லை. அவ்வாண்டு கூட்டணித் தலைவர்கள் மீது கொழும்பில் நடந்த வழக்கில் எதிர்வாதத்தைப் பொன்னம்பலம் தலைமை தாங்கி நடத்த, செல்வநாயகமும் சட்டத்தரணிகளின் அணியில் அமர்ந்தார். அடுத்த ஆண்டில் இருவரும் காலமாயினர். செல்வநாயகம் மறைந்தது 1977 ஏப்ரல் 26 ஆம் திகதி. அவருக்கு எழுபத்தொன்பது வயது.

அவர் காணாதவை

அவர் மறைந்து மூன்று மாதங்களுள், 1977 யூலைத் தேர்தலில், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். 1947 இன் பின்னர் முப்பது ஆண்டுகள் கழித்து மலையக மக்கள் தம் வாக்கினால் தம்மவர் ஒருவரைப் பாராளுமன்றம் அனுப்பிய நாள் அது. 1978 அரசியலமைப்பு வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேறுபாட்டை நீக்கிற்று. 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோரிற் பலருக்குப் பிரஜாவுரிமை அளித்தன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அந்த உரிமையை வழங்கியது. அதே ஆண்டில் தாய்வழியும் தந்தைவழிக்குச் சமமாக ஏற்கப்பட்டது. போரினால் இந்தியாவுக்குத் தப்பியோடியவர்களையும் உள்ளடக்க 2009 இல் மேலும் ஒரு திருத்தம் வந்தது. ஒரு பிழையைத் திருத்த இலங்கைச் சட்டப் புத்தகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. இதற்கிடையில் 1946 இல் 11.7 வீதமாக இருந்த மக்கள் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிற் சுமார் 5.5 வீதமாகக் குறைந்திருந்தனர்.

வடக்குக் கிழக்கின் பிரதிநிதிகளுக்கும் சட்டத்தின் வாயிலாகவே ஓர் அடி விழுந்தது. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் தனிநாட்டைக் கைவிடும் சத்தியப் பிரமாணத்தைக் கோரிற்று. அதனைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர் தம் ஆசனங்களை இழந்தனர். ஒரு மக்களின் வாக்கை நீக்குவது ஒரு வழி. அந்த வாக்கினாற் தெரிவானோரை நீக்குவது இன்னொரு வழி. இரண்டின் விளைவும் மன்றில் அந்த மக்களின் குரல் இல்லாமற் போவதே.

செல்வநாயகத்தின் அரசியலை வெற்றி தோல்வியால் அளந்தால் தோல்விகளே மிகும். அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தங்கள் நிறைவேறவில்லை. அவர் எதிர்த்த சட்டங்கள் அவர் காலத்தில் நீங்கவில்லை. ஆயினும் தம்மைத் தொடாத ஒரு சட்டத்தை, தம் வாக்காளரையும் தொடாத ஒரு சட்டத்தை, அது வேறொரு மக்களைத் தொட்டது என்பதற்காகவே எதிர்த்து, அதற்கான விலையையும் கொடுத்தார். சட்டம் அவரைப் பிரஜை என்றது. ஆனால் அயலவரை அந்நியர் என்றது. அந்தச் சலுகையை மௌனமாக ஏற்றுக்கொள்ள அவர் மறுத்தார்.

இன்று எம்மிற் பலர் குடியேறிய நாடுகளிற் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் பெற்றுவிட்டோம். இன்னும் பலர் காத்திருக்கின்றனர். பெற்றவர் பெறாதவரை மறந்துவிடுவது எளிது. 1952 இல் யாழ்ப்பாணத்துக்கு அது எளிதாகவே இருந்தது. வாக்குச்சாவடிக்குச் செல்லும் உரிமை எமக்குக் கிடைத்திருக்கும் இடங்களில், அதனைத் தவறாது பயன்படுத்துவதும், அது கிடைக்காதவரின் பக்கம் நின்று பேசுவதும் தந்தை செல்வாவின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை.